யாருக்கு, எந்த இயந்திரத்தில், எத்தனை நாளுக்கு? குரோமேக்ஸ் நிறுவுவது பற்றி

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் சிமுலேஷன் செய்யும் குரோமேக்ஸ் மென்பொருளை எப்படி நிறுவுவது என்று ஒரு மாணவர் கேட்டால், மூத்தவர்களிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒன்றுதான். மூலநிரலை இறக்கிக்கொள், கட்டுவதற்கான அமைப்புகளைத் தயார் செய்யும் சீமேக்கை ஓட்டு, கம்பைல் செய் (இயங்கும் நிரலாக மாற்று). அப்போதுதான் வேகம் கிடைக்கும். இந்தப் பதிலில் பொய் ஏதுமில்லை. ஆனாலும் இது என்னை விடாமல் உறுத்துகிறது. கேட்பவர் எந்த இயந்திரத்தில் ஓட்டப்போகிறார், எத்தனை நாளுக்கு அது வேண்டும், ஓடாமல் போனால் யாரிடம் போய் நிற்பார் என்று எதையும் விசாரிக்காமல் சொல்லப்படும் பதில் அது. நீரில் லைசோசைம் புரதத்தை ஒரு நானோசெகண்டு ஓட்டிப் பார்க்கும் அந்தப் பழகிய பயிற்சிக்காக வந்த முதுகலை மாணவி, புரதத்தைக் கண்ணால் காணும் முன்பே நாள்கணக்கில் கம்பைலர் பிழைகளோடு போராடுவார். அதே பதிலைக் கேட்டுக்கொண்டு கிளஸ்டருக்கு (பல கணினிகளை இணைத்த பொதுக் கணிப்பு அமைப்புக்கு) போகும் ஆராய்ச்சி மாணவர், அங்கே நிர்வாகிகள் ஒழுங்காகச் செய்து வைத்திருக்கும் நிறுவலை விட்டுவிட்டு, தன் ஹோம் அடைவில் அதைவிட மெதுவாக ஓடும் ஒன்றைக் கட்டி எழுப்புவார்.

பயனர்களைத் தொடக்கநிலை, இடைநிலை, வல்லுநர் என்று பிரித்தாலும் இது தீராது. பத்து ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் மடிக்கணினியில், உபுண்டு லினக்ஸின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் தரும் பொதி போதும். புதிதாகச் சேர்ந்தவருக்கும், நல்ல ஜிபியு (வரைகலைச் செயலி) உள்ள பணிநிலையத்தைக் கையில் கொடுத்தால், கம்பைல் செய்யத்தான் வேண்டியிருக்கும். வேலையும் இயந்திரமும் சேர்ந்துதான் வழியைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஆள் ஓராண்டுக்குள் மூன்று வகைப் பயனராக மாறிவிடுகிறார். அப்படி மாறும் இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மடிக்கணினியில்

விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர் நேரடியாக விண்டோஸுக்கென்று கம்பைல் செய்ய முயல வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போதும். நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து, டபிள்யூஎஸ்எல் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் உபுண்டு வந்துவிடும். 0x80370102 என்ற பிழை எண் தோன்றினால், பெரும்பாலும் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கிறது என்று பொருள். உள்ளே போய் அதை இயக்கினால் சரியாகிவிடும். அதன்பின் ஆப்ட் அப்டேட், ஆப்ட் இன்ஸ்டால் குரோமேக்ஸ் என்ற இரண்டே கட்டளைகள். உபுண்டு 22.04-ல் குரோமேக்ஸ் 2021.4 கிடைக்கும், 24.04-ல் 2023.3. புத்தம்புதிய பதிப்பு இல்லைதான். முப்பதாயிரம் அணுக்கள் சொச்சமுள்ள பயிற்சி அமைப்புக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கமிருந்து ஓட்டினால், ஒவ்வொரு படித்தலும் எழுதுதலும் இரு இயக்கமுறைகளுக்கு நடுவே கடந்துபோக வேண்டும், மிகவும் மெதுவாகும். லினக்ஸின் ஹோம் அடைவுக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். அடுத்தது நினைவகம். டபிள்யூஎஸ்எல் இயல்பாக மொத்த ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி மடிக்கணினியில் அது 4 ஜிபி. சிமுலேஷனுக்கு இது போதும். கம்பைல் செய்யப் போனால்தான் அடி விழும்: எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டால் நினைவகம் தீர்ந்து, கம்பைலர் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு செத்துப்போகும். அதைப் பார்த்துவிட்டு நிரலில்தான் ஏதோ தவறு என்று தேடுபவர்கள் ஏராளம். மேக் கட்டளைக்கு எட்டுக்குப் பதில் இரண்டு வேலைகள் என்று கொடுத்தால் அது மெதுவாக முடிந்துவிடும்.

ஆப்ட் தரும் பதிப்பு பழையது, புதிய வசதி ஏதோ வேண்டும் என்றால் கோண்டா என்ற பொதி மேலாளர். அதன் நிறுவிகளில் மினிஃபோர்ஜை எடுத்துக்கொள்வது நல்லது. அது கோண்டா-ஃபோர்ஜ் சேனலை (பொதிக் களஞ்சியத்தை) மட்டுமே இயல்பாகப் பயன்படுத்தும். அனகோண்டா நிறுவனத்தின் சொந்தச் சேனலுக்கு 2020 முதல் வணிக உரிம நிபந்தனை உண்டு. 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் சட்டப் பிரிவிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. குரோமேக்ஸுக்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதில் அதை மட்டும் போட வேண்டும். கோண்டாவின் இயல்புச் சூழலான பேஸில் பைத்தான், ஆர், குரோமேக்ஸ் என்று எல்லாவற்றையும் கொட்டினால், ஆறு மாதம் கழித்து ஒரு பொதியைப் புதுப்பிக்கும்போது மற்றவை தானாகப் பழைய பதிப்புக்கு இறங்கிவிடும்.

வகுப்பறையில்

ஆசிரியரின் தேவை முற்றிலும் வேறு. அவருக்கு வேகம் முக்கியமில்லை. முப்பது கணினிகளிலும் ஒரே கட்டளைக்கு ஒரே மாதிரி வெளியீடு வர வேண்டும், அதுவும் கல்லூரியின் இணையம் படுத்துக்கிடக்கும் நாளில். முப்பது பேரையும் ஒரே நேரத்தில் ஆப்ட் ஓட்டச் சொன்னால் முதல் ஒருமணி நேரம் பதிவிறக்கத்திலேயே போய்விடும். இதற்கு நேர்த்தியான வழி இருக்கிறது. ஒரு கணினியில் உபுண்டுவைப் போட்டு, குரோமேக்ஸ், வரைபடத்துக்கு எக்ஸ்எம்கிரேஸ், பயிற்சிக் கோப்புகள் எல்லாவற்றையும் வைத்து, ஒருமுறை முழுப் பயிற்சியையும் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, டபிள்யூஎஸ்எல் எக்ஸ்போர்ட் கட்டளையால் ஒரே டார் கோப்பாக ஆக்கிவிட வேண்டும். அதைப் பென் டிரைவில் எடுத்துப்போய் மற்றக் கணினிகளில் இம்போர்ட் செய்தால் அச்சு அசலாக அதே அமைப்பு வரும். இம்போர்ட் செய்த அமைப்பில் நுழைந்தால் நேராக ரூட் பயனராக இருப்போம் என்பதுதான் இதில் உள்ள ஒரே இடறல். ஈடிசி அடைவிலுள்ள டபிள்யூஎஸ்எல் கான்ஃப் கோப்பில் யூசர் பிரிவின்கீழ் இயல்புப் பயனரின் பெயரை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் அதுவும் வராது.

உலாவி வழியாகக் கணினியைத் தரும் கூகுள் கோலாப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மதியத்துக்குச் சரி. இலவசக் கணக்கில் ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம்தான். அமர்வு முடிந்தால் நிறுவியதும் கோப்புகளும் போய்விடும். கூகுள் டிரைவில் சேமிக்கும் வரியை முதல் செல்லிலேயே வைக்க வேண்டும்.

ஜிபியு உள்ள பணிநிலையத்தில்

இங்கேதான் மூத்தவர்களின் பதில் முழுக்கச் சரி. ஒரு ஆய்வகத்தில் என்விடியா ஜிபியு உள்ள கணினி இருக்கிறது, அதில் மாதக்கணக்கில் ஓட்டங்கள் நடக்கும் என்றால், ஒரு நாளைச் செலவிட்டுக் கம்பைல் செய்வது பலமடங்கு திரும்பக் கிடைக்கும். உபுண்டு களஞ்சியப் பொதியில், என்விடியா ஜிபியுவில் நிரலை ஓட்டவைக்கும் கூடாவுக்கு ஆதரவு இல்லை. மேலும், பொதியாக வரும் எந்த நிரலும் எல்லா வகைச் செயலிகளிலும் ஓடியாக வேண்டும் என்பதால், உங்கள் செயலியின் மிகச் சிறந்த கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். அப்படியிருந்தால், ஓட்டத்தை நடத்தும் எம்டிரன் கட்டளை தன் லாக் கோப்பிலேயே, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி கொண்டு கம்பைல் செய்தால் வேகம் கூடலாம் என்று சொல்லிவிடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

முதலில் பதிப்புகளைப் பொருத்துங்கள். குரோமேக்ஸ் 2025-க்குச் சீமேக் 3.28 வேண்டும். உபுண்டு 22.04-ல் இருப்பது 3.22. முதல் வரியிலேயே நின்றுவிடும். தனி பைத்தான் சூழலில் பிப் மூலம் புதிய சீமேக்கை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. கூடாவில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையின் மேல்வரிசையில் காட்டும் கூடா எண், அந்த டிரைவர் தாங்கக்கூடிய அதிகபட்சப் பதிப்பு. கணினியில் நிறுவப்பட்டிருக்கும் கூடா டூல்கிட் எது என்பதை என்விசிசி கட்டளையிடம்தான் கேட்க வேண்டும். டூல்கிட்டுக்கு ஜிசிசி கம்பைலரில் ஒரு மேல்வரம்பும் உண்டு. அதைத் தாண்டிய ஜிசிசி இருந்தால் என்விசிசி மறுத்துவிடும். பழைய ஜிசிசியை அருகில் நிறுவி, கூடாவின் ஹோஸ்ட் கம்பைலர் அதுதான் என்று சீமேக்கிடம் சொல்ல வேண்டும். டபிள்யூஎஸ்எல்லுக்குள் செய்பவர்கள் விண்டோஸ் பக்கம் மட்டும் டிரைவர் போட வேண்டும். லினக்ஸ் டிரைவரையும் உள்ளே போட்டால் இருப்பதும் கெட்டுவிடும்.

சீமேக்குக்குக் கொடுக்கும் தேர்வுகள் குறைவுதான்: ஜிஎம்எக்ஸ் ஜிபியு என்பது கூடா, ஃபூரியர் மாற்றக் கணக்குக்கான எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தைத் தானே கட்டிக்கொள்ளும் தேர்வு ஆன், நிறுவும் இடம். அந்த இடத்தின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். ஓபிடி (/opt) அடைவின்கீழ் குரோமேக்ஸ், அதன்கீழ் 2024.4 என்பதுபோல. நாளை 2025-க்கு மாறினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் வைக்கலாம். கோண்டா சூழல் இயங்கும் டெர்மினலில் ஒருபோதும் கம்பைல் செய்யாதீர்கள். சீமேக் கோண்டாவின் நூலகங்களைப் பிடித்துக்கொள்ளும். கம்பைல் முடிந்தபிறகு ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் கிடைக்கவில்லை என்ற பிழையோடு நிரல் திறக்காது. மேக் செக் படியைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம். அது சில நிமிடங்கள் எடுக்கும், ஆனால் கம்பைலர் தப்பாக உருவாக்கிய நிரலைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

உபுண்டு தானாக டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாத நிலையில், நூலகமும் டிரைவரும் பொருந்தாமல் ஜிபியு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எம்டிரன் அப்போது நிற்காது. சிபியுவில் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் முடிய வேண்டியது ஏன் இன்னும் ஓடுகிறது என்று வாரக் கடைசியில்தான் தெரியவரும். கட்டளையில் என்பி ஜிபியு என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டால், ஜிபியு இல்லாதபோது உடனே பிழை காட்டி நின்றுவிடும்.

கிளஸ்டருக்குப் போகும் நாள்

மடிக்கணினியில் பழகியவர், ஒரு நாள் தன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கிளஸ்டருக்குப் போகிறார். திருச்சி என்ஐடியில் 2022-ல் திறக்கப்பட்ட, 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் போன்ற இயந்திரமாக இருக்கலாம், துறையின் நான்கு முனைகள் (தனிக் கணினிகள்) கொண்ட கிளஸ்டராகவும் இருக்கலாம். ஆள் அதேதான், புரதமும் அதேதான். ஆனால் அவர் இப்போது வேறு வகைப் பயனர். இதை உணராமல் மடிக்கணினிப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோவதுதான் நான் பார்த்தவரை எல்லாச் சிக்கல்களுக்கும் ஊற்று.

முதல் அடி, ஓட்டத்துக்கான உள்ளீடு முழுதையும் ஒன்றாகக் கட்டிய டிபிஆர் கோப்பில் விழும். மடிக்கணினியில் குரோமேக்ஸ் 2024 கொண்டு கிராம்ப் ஓட்டி உருவாக்கிய டிபிஆரை, கிளஸ்டரின் 2021-இடம் கொடுத்தால், இந்தக் கோப்பின் பதிப்பு எண் என் பதிப்பைவிடப் பெரியது என்று சொல்லி நின்றுவிடும். புதிய பதிப்பு பழைய டிபிஆரைப் படிக்கும், பழையது புதியதைப் படிக்காது. இந்த இடத்தில் பலர் எடுக்கும் முடிவு, கிளஸ்டரில் தானே 2024-ஐக் கம்பைல் செய்வது. தேவையே இல்லை. மூல உள்ளீடுகளான ஜிஆர்ஓ, டாப், ஐடிபி, எம்டிபி கோப்புகளை எடுத்துப்போய், கிளஸ்டரின் பதிப்பிலேயே மறுபடி கிராம்ப் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும். சார்ம்36 போன்ற விசைப்புலத்தை (அணுக்களுக்கிடையிலான விசைகளின் அளவுருத் தொகுப்பை) தனியாக இறக்கிப் பயன்படுத்தியிருந்தால் அந்த எஃப்எஃப் அடைவையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். டாப் கோப்பு அதை உள்ளே அழைக்கும். இதைவிட நல்லது, ஆய்வு தொடங்கும் முன்பே கிளஸ்டரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்து, மடிக்கணினியிலும் அதையே கோண்டாவில் போட்டுக்கொள்வது. ஒரு திட்டம் முழுதும் ஒரே பதிப்பு என்பதைவிட எந்தப் புதிய வசதியும் பெரிதில்லை.

அடுத்தது எம்பிஐ, அதாவது ஒரே கணக்கின் பல புராசஸ்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை. மடிக்கணினியில் வரும், குரோமேக்ஸின் முதன்மை நிரலான ஜிஎம்எக்ஸ் திரெட்-எம்பிஐ கொண்டது. ஒரு முனைக்குள் மட்டும் வேலை செய்யும். பல முனைகளுக்கு ஜிஎம்எக்ஸ்_எம்பிஐ வேண்டும். வேற்றுமை தெரியாமல் எம்பிஐரன் 64 என்று போட்டுச் சாதாரண ஜிஎம்எக்ஸை ஓட்டினால், ஒரு ஓட்டம் 64 துண்டாகப் பிரியாது. ஒரே சிமுலேஷன் 64 முறை ஒரே நேரத்தில் ஓடும். அடைவில் எம்டி லாக் கோப்பின் பெயருக்கு இருபுறமும் ஹேஷ் குறியோடு பிரதிகள் குவிந்திருந்தால் இதுதான் நடக்கிறது என்று கண்டுகொள்ளலாம். கிளஸ்டரில் கோண்டா வழியாகப் போட்ட எம்பிஐ பதிப்புக்கும் இதே கதி நேரலாம். அதிலுள்ள ஓப்பன் எம்பிஐக்கு அந்தக் கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்மோடு பேசத் தெரியாவிட்டால், ஒவ்வொரு புராசஸும் தான் மட்டுமே இருப்பதாக எண்ணித் தனியே ஓடும். பேசத் தெரிந்தாலும், முனைகளை இணைக்கும் அதிவேக வலையான இன்ஃபினிபேண்டை அது சரியாகப் பயன்படுத்தும் என்பதற்கு உறுதியில்லை.

கோண்டாவில் இன்னொரு பொறி இருக்கிறது. பயனர்கள் உள்நுழையும் லாகின் முனையில் பெரும்பாலும் ஜிபியு இருக்காது. கோண்டா நிறுவும் நேரத்தில் அந்த இயந்திரத்தில் ஜிபியு உண்டா என்று பார்த்துத்தான் பொதியைத் தேர்ந்தெடுக்கும். இல்லையென்றால் சிபியு பொதியைச் சத்தமில்லாமல் வைத்துவிடும். பிறகு ஜிபியு முனையில் வேலையைப் போட்டால் ஜிபியு சும்மா கிடக்கும். கோண்டா ஓவர்ரைட் கூடா என்ற சூழல் மாறியில் 12.4 என்பதுபோல ஓர் எண்ணை வைத்துவிட்டு நிறுவினால் கூடா பொதி வரும். கோண்டாச் சூழல் என்பது பல்லாயிரம் சிறு கோப்புகள் என்பதையும் மறக்கக்கூடாது. ஹோம் அடைவின் கோப்பு எண்ணிக்கை வரம்பு அதிலேயே தீர்ந்துபோகலாம். அதற்குப் பயந்து, தற்காலிகச் சேமிப்பிடமான ஸ்க்ராட்சில் வைத்தால், பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும் கொள்கை உள்ள இடங்களில் சூழலின் பாதிக் கோப்புகள் ஒரு நாள் காணாமல் போயிருக்கும், மீதிப் பாதி இருக்கும். அப்போது வரும் பிழைச்செய்திகளில் காரணம் தெரியவே தெரியாது.

தானே கம்பைல் செய்பவருக்குக் கிளஸ்டர் வைக்கும் பொறி செயலி வேறுபாடு. சீமேக், தான் ஓடும் இயந்திரத்தின் செயலியைப் பார்த்துக் கட்டளைத் தொகுதியைத் தேர்வு செய்யும். லாகின் முனையில் ஏவிஎக்ஸ்-512 இருந்து, கணக்கீட்டு முனைகளில் அது இல்லாவிட்டால், வேலை தொடங்கிய நொடியிலேயே இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று செத்துவிடும். தலைகீழாக இருந்தாலோ பிழை எதுவும் வராது. மெதுவாக ஓடும், அவ்வளவுதான். கணக்கீட்டு முனையில் ஒரு இன்டராக்டிவ் அமர்வு எடுத்து அங்கே கம்பைல் செய்ய வேண்டும், அல்லது கட்டளைத் தொகுதியைக் குறிக்கும் ஜிஎம்எக்ஸ் சிம்ட் தேர்வில் ஏவிஎக்ஸ்2_256 என்று கையால் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் நிர்வாகிகளுக்குத் தெரியும், அவர்கள் ஏற்கெனவே செய்தும் வைத்திருப்பார்கள். ஆகவே கிளஸ்டரில் முதல் கட்டளை, நிறுவி வைத்திருப்பவற்றைப் பட்டியலிடும் மாட்யூல் அவைல். எல்மாட் என்ற வகை மாட்யூல் அமைப்பு இருந்தால் மாட்யூல் ஸ்பைடர் குரோமேக்ஸ். வேலைக் கோப்பில், முன்பு ஏற்றியவற்றை நீக்கும் மாட்யூல் பர்ஜ் போட்டுவிட்டு, பதிப்பு எண்ணோடு மாட்யூலை ஏற்ற வேண்டும். எண் இல்லாமல் ஏற்றினால் நிர்வாகி இயல்புப் பதிப்பை மாற்றும் நாளில் உங்கள் ஓட்டமும் நடுவழியில் பதிப்பு மாறும். டெர்மினல் திறக்கும்போது ஓடும் பேஷ்ஆர்சி கோப்பில் கோண்டா பேஸ் தானாக இயங்கும்படி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாட்யூலை ஏற்றியும் கோண்டாவின் ஜிஎம்எக்ஸே ஓடக்கூடும். எந்த ஜிஎம்எக்ஸ் ஓடும் என்று காட்டும் விச் கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையைச் சமர்ப்பிப்பது நல்ல பழக்கம். வேண்டிய பதிப்பு மாட்யூலில் இல்லையென்றால் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். மென்பொருளைத் தானாகக் கட்டித்தரும் ஈஸிபில்டோ ஸ்பேக்கோ வைத்திருக்கும் நிர்வாகிக்கு இன்னொரு பதிப்பைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை, உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் அது பயன்படும்.

ஸ்பேக், கன்டெய்னர், தானே கட்டுவது

கடிதத்துக்குப் பதில் வராத இடங்களும் உண்டு. அங்கே ஸ்பேக்கைப் பயனரே தன் அடைவில் ஓட்டலாம், ரூட் உரிமை வேண்டாம். ஆனால் தொடங்கும் முன் ஸ்பேக் எக்ஸ்டர்னல் ஃபைண்ட் ஓட்டி, கிளஸ்டரின் எம்பிஐ, கூடா ஆகியவற்றை அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டும். மணிக்கணக்காகும், கட்டி முடித்த எம்பிஐக்கும் ஸ்லர்மைத் தெரியாது. ஜிபியு வகையையும் சொல்ல வேண்டும்: வி100-க்கு 70, ஏ100-க்கு 80, எச்100-க்கு 90.

இன்னொரு வழி, மென்பொருளை அதன் சூழலோடு சேர்த்துப் பொட்டலமாக ஓட்டும் கன்டெய்னர் கருவியான ஆப்டெய்னர். இதே வகைக் கருவியான டாக்கரைக் கிளஸ்டரில் அனுமதிப்பது அரிது, அதன் பின்னணிச் சேவைக்கு ரூட் உரிமை வேண்டும் என்பதால். ஆப்டெய்னர் அதே டாக்கர் பிம்பத்தை ஒரே சிஃப் கோப்பாக மாற்றிச் சாதாரணப் பயனராக ஓட்டும். கோப்பு எண்ணிக்கைச் சிக்கல் இதில் அறவே இல்லை. இறக்கும் முன் கேஷ் அடைவை ஹோமிலிருந்து மாற்றிவிடுங்கள், ஓட்டும்போது ஜிபியுவுக்கு என்வி தேர்வைச் சேருங்கள், ஸ்க்ராட்ச் அடைவு உள்ளே தெரியாவிட்டால் பைண்ட் செய்யுங்கள். ஒற்றை முனை ஓட்டத்துக்கு இது அருமையான வழி. பல முனை என்றால் உள்ளே இருக்கும் எம்பிஐயும் வெளியே இருக்கும் எம்பிஐயும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைப் பார்க்கும் உழைப்புக்கு மாட்யூலே மேல்.

குரோமேக்ஸின் நிரலையே மாற்றுபவருக்கும், புளூமெட் என்ற துணை மென்பொருளின் ஒட்டு (பேட்ச்) போடுபவருக்கும் மூலநிரலைத் தவிர வழியில்லை. புளூமெட் ஒட்டு குறிப்பிட்ட சில பதிப்புகளுக்கு மட்டுமே உண்டு. முதலில் புளூமெட் எந்தப் பதிப்பைத் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு அந்தக் குரோமேக்ஸை இறக்க வேண்டும். நார்மல் மோட் (மூலக்கூறின் அதிர்வு) கணக்கு செய்பவருக்கு இரட்டைத் துல்லியம் வேண்டும். அந்தப் பதிப்பில் ஜிபியு வேலை செய்யாது என்பதால் சாதாரணப் பதிப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் நிறுவினாலும், முதல் ஓட்டத்துக்கு முன் ஜிஎம்எக்ஸ் வெர்ஷன் கட்டளையின் முழு வெளியீட்டையும் ஒரு உரைக் கோப்பில் எழுதி, ஓட்டத்தின் அடைவிலேயே போட்டுவையுங்கள். பதிப்பு, துல்லியம், எம்பிஐ வகை, சிம்ட் அளவு, கம்பைலர், கூடா எல்லாம் அதில் இருக்கும். கோண்டா என்றால் கோண்டா லிஸ்ட் எக்ஸ்பிளிசிட் வெளியீட்டையும், கன்டெய்னர் என்றால் சிஃப் கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணையும் சேர்த்து வையுங்கள். ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியை எழுத உட்காரும்போது அந்தக் கிளஸ்டர் கணக்கு மூடப்பட்டிருக்கலாம், மாட்யூல் நீக்கப்பட்டிருக்கலாம். தேர்வாளர் கேட்கும் விவரம் அந்தக் கோப்பில் இருக்கும்.